சென்னியப்பனின் காதில் ஏறாதவை

சென்னியப்பன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு புது ஆல்பத்தைப் பற்றி "காதுல ஏறலீங்க" என்று சொன்ன நொடியிலிருந்து அந்த ஆல்பம் எங்கள் தறிமேட்டில் யார் காதிலும் ஏறாமல் போயிற்று. அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று, ஏனென்றால் இந்த ஊரில் ஒன்று காதில் விழாமல் போவது ஒரு சங்கதியே இல்லை. வீட்டுக்கு வீடு விசைத்தறி, கரண்ட் இருக்கிற வரைக்கும் டடக் டடக்கென்று ஒரே ஓட்டம், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே பெண் பார்த்து, அதற்குள்ளேயே எழவும் கூட்டுகிற எங்களுக்கு, எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துப் பாதியும் உத்தேசமாகப் பாதியும் புரிந்துகொள்வதுதான் பேச்சு. "என்னுங்க? காதுல ஏறலீங்க!" என்று நாங்கள் ஒரு நாளில் சொல்வதை மற்ற ஊர்க்காரர்கள் ஒரு ஆயுளில் சொல்லியிருக்க மாட்டார்கள். சத்தத்தில் கேட்காவிட்டாலும் அதே வார்த்தை, கேட்டது பிடிக்காவிட்டாலும் அதே வார்த்தை, சொன்ன பேச்சைக் கேட்காத ஆளைத் திட்டுவதற்கும் அதே வார்த்தை. வேறு வார்த்தை தேட எங்களுக்கு நேரம் ஏது?

சென்னியப்பன் என் பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பேபி, வீட்டு முன்னறையில் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிறவள், ஆகவே சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கத்துக் குடும்பத்தை நடத்துகிற அளவுக்கு விவரம் தெரிந்தவள். பஸ் நிறுத்தத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த அவர், தலையில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சினிமாவில் வராத பாட்டாகத் தேடித் தேடிக் கேட்பார். அதாவது, எங்கோ ஒரு மாடியறையில் நாலு பேர் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே அடித்து, தாங்களே பாடி, யாரையும் கேட்காமல் தாங்களே வெளியில் விடுகிற பாட்டு. அதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வெளியாகுமாம். கேட்டு முடித்ததும் ஊர் வாட்ஸப் குழுவில், தறிக்காரர்களுக்கே உரிய தொண்டையில், பத்து வீடு தாண்டிக் கேட்கிற மாதிரி கருத்துச் சொல்வார். பாண்டிச்சேரியில் ஒரு பெண் செல்லோ வாசித்து வெளியிட்ட 'உப்புக் காகிதம்' என்ற ஆல்பத்துக்கு, "அந்தப் புள்ள வாசிக்கறப்ப வில்லு கம்பியில ஒரசற சத்தத்தயும் வெட்டாம உட்ருக்குதுங்க, அதுதானுங்க பாட்டே" என்றார். மதுரைப் பையன்களின் 'மூணாம் சந்து' ராப் ஆல்பத்துக்கு, "கோவம் நெசமுங்க, ஆனாக் கல்யாண ஊட்டுல பந்திக்கு முந்தறவனாட்டம் அவசரப்படறான்" என்றார். பாவம் புண்ணியம் பார்க்க மாட்டார், எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கவும் மாட்டார், மறுதடவை கேட்டால் மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது அவர் கட்சி. இதற்கு ஊரில் இருந்த மரியாதை என்னவென்றால், அந்தக் குரல் வந்ததும் அவரவர் போனை மடியில் கவிழ்த்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் காணாமல் போனது சென்னைக்காரர்கள் மூன்று பேர் போட்ட 'ஈரக் கூரை'. "கிடார் நல்லாத்தானுங்க இருக்குது, ஆனாப் பாடற பையன் தூக்கத்துல பேசறாப்ல இருக்கறான், காதுல ஏறலீங்க" என்று இவர் சொல்லியிருந்த அந்த ஆல்பத்தை, பல்லடத்தில் கல்லூரிக்குப் போகிற எங்கள் கவிப்பிரியா பஸ்ஸில் கேட்டுக்கொண்டு வருவாள். வாய்க்கால் பாலம் வரைக்கும் பாடும், பாலத்தைத் தாண்டி ஊருக்குள் சக்கரம் வைத்ததும் நின்றுவிடும், மறுநாள் காலையில் பஸ் பாலத்துக்கு அக்கட்ட போனதும் விட்ட இடத்தையும் தாண்டி எங்கேயோ பாடிக்கொண்டிருக்கும். போன் பழுது என்று அவள் அதைச் சென்னியப்பனிடமே கொடுக்க, அவரும் பிரித்து, துடைத்து, ஸ்பீக்கர் மாற்றி, வேறு எல்லாப் பாட்டும் போட்டுக் காட்டிவிட்டார். பிறகு கவிப்பிரியாவின் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அந்த மூன்று பேரையே வரவழைத்தார்கள். மண்டபத்தில் விரல் ஓடுகிறது, டிரம்மில் கழி அடிக்கிறது, வாய் திறந்து மூடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. ஒரு கல்யாணத்திலாவது மேடைச் சத்தம் இல்லாமல் நாலு வார்த்தை பேச முடிந்ததே என்று பெரியவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். முகம் செத்துப்போயிருந்த அந்தப் பையன்களை இளசுகள் வேனில் ஏற்றி வாய்க்கால் பாலத்துக்கு அக்கட்ட கொண்டுபோய் நிறுத்தி வாசிக்கச் சொன்னபோது, அங்கே எல்லாம் கேட்டது. அப்போதுதான் சமாச்சாரம் ஊருக்கு விளங்கியது.

விளங்கியதும் யாரும் ஆச்சரியப்பட்டு வாயைப் பிளக்கவில்லை, அடுத்த வேலையைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் இளசுகள் எல்லாம் பாலத்துக்குப் போய், சென்னியப்பன் காதில் ஏறாததையெல்லாம் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுக்காகப் பழனாத்தா போண்டா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஊருக்குள் கேட்கிற நல்ல ஆல்பங்களைச் சீந்த ஆளில்லாமல் போயிற்று. எங்கேயோ ஈரோட்டிலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, "அண்ணா, எங்களுதயும் காதுல ஏறலைன்னு சொல்லி உடுங்கண்ணா" என்று கெஞ்சினான். கட்சிக்காரன் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் வந்தார், மாமியார் வாயை நிறுத்த வேண்டும் என்று ஒருத்தி வந்தாள், பக்கத்து வீட்டு நாயையும் ஒரு ஆல்பமாக நினைத்துக் கேட்கச் சொல்லி ஒருவர் நாயோடேயே வந்தார்.

"நானு சும்மா வாய்க்கு வந்ததச் சொல்றதில்லீங்க" என்று சென்னியப்பன் எல்லோரையும் அனுப்பிவிட்டார். "முழுசாக் கேக்கோணும், கேட்டு மனசுக்கு ஒட்டாமப் போவோணும், அப்பத்தான் சொல்லுவேன்."

"அப்படீன்னாலும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன், ஊருக்கே கேக்காமப் போவுதுல்ல?" என்றேன் நான்.

"அதுக்கு? ஊருக்குக் கேக்காமப் போவுதுன்னு உள்ளத மாத்திச் சொல்றதுங்களாக்கா?"

ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அந்த ஹெட்போன்தான் எனக்கு ஆகாது. அதை மாட்டிக்கொண்டு கடையில் இருந்தால் பரவாயில்லை, வீட்டிலும் அதே கதி. அவர் சம்சாரம் செல்வநாயகி வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஒற்றை ஆளாகத் தறி ஓட்டுவாள், ஓட்டத்துக்கு நடுவில் ஓடிவந்து சோறாக்குவாள், ஆக்கி வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். "ஏனுங்க, சோறு ஆறுது." கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க." இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, தட்டுப் போட்டு மூடுகிற சத்தம். அவள் அம்மாவுக்கு மேலுக்கு முடியாமல் போனதையும், ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டதையும், அவர் ஏதோ ஒரு புது ஆல்பத்துக்குத் தலையாட்டியதைச் சரி என்பதாக எடுத்துக்கொண்டு அவள் சேலை மாற்றிக் காத்திருந்ததையும், போகாமலே அந்த அம்மா போய்ச் சேர்ந்ததையும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறேன். கட்டினவருக்குக் கேட்காதது அத்தனையும் எனக்குக் கேட்டது. "சொன்னாக் காதுல ஏறுதா பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் தறிக்குப் போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்ட செல்வநாயகி ஒரு ஆல்பம் போட்டாள். வருஷக்கணக்காகத் தறிக் கம்பத்தில் போனைத் தொங்கவிட்டுப் பதிவு பண்ணி வைத்திருந்தாளாம், எதற்கு என்று அவளுக்கே தெரியாதாம், தன் குரல் எங்கேயாவது ஒரு இடத்தில் ஏறட்டும் என்று இருந்திருக்கும். கவிப்பிரியா அதைக் கேட்டுவிட்டு அழுது, ஓரம் மட்டும் வெட்டி, மற்ற ஆல்பங்கள் வெளியாகிற அதே இடத்தில், அதே வெள்ளிக்கிழமையில் வெளியிட ஏற்பாடு பண்ணினாள். பெயர் 'சோறு ஆறுது'. முந்தின நாள் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். முதல் பாட்டில் தறி கிளம்புகிறது, ஒவ்வொன்றாக. இரண்டாவதில் ஒரே ஒரு "ஏனுங்க", அப்புறம் தறி மட்டும், வெகுநேரம். மூன்றாவதில் அவள் முனகிக்கொண்டே பேசுகிறாள், அம்மா சமாச்சாரமும் அதில்தான் வருகிறது. நான் இசை அறிந்தவள் இல்லை, போனை வாங்கி அணைத்தேன்.

"வேண்டாம் புள்ள" என்றேன். "அந்தாளு வாயத் தொறந்து ஏறலைன்னு சொல்லிப்போட்டா உம்பட பேச்சே ஊருல இருக்காதே?"

"இப்ப மட்டும் எங்கீங்க்கா இருக்குது?" என்றாள். "ஊரா ஊட்டுப் பாட்டுக்கெல்லாம் உள்ளதச் சொல்றாரு. எனக்கும் ஒருக்கா சொல்லட்டும்."

ஊருக்கும் பயம் பிடித்துக்கொண்டது, ஆனால் அது வேறு பயம். ஆல்பம் முழுக்கத் தறிச் சத்தம் அல்லவா, அதை அவர் ஏறலை என்று சொல்லி, ஊரில் தறிச் சத்தமே கேட்காமல் போனால் என்ன கதி? சத்தம் மாறுவதை வைத்துத்தான் நூல் அறுந்தது தெரியும், குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா சிக்கியது தெரியும். சத்தம் இல்லாத தறியை ஓட்டுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் ஒன்று. தறிக்காரர் சங்கத் தலைவர் நாட்ராயன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

"நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க மாப்ள. ஊரே பொழச்சுப்போவும்."

"கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடுங்களேன், என்ன கெட்டுப்போச்சு?"

"பொய் சொல்றதுக்கு எனக்கு எதுக்குங்க காது? வாயி ஒண்ணே போதுமே" என்றார் சென்னியப்பன். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவும் செய்தது, அந்த இடத்திலேயே நாலு சாத்தலாமா என்றும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் முழுக்கத் தறியை நிறுத்திவிட்டுக் கடை முன்னால் வந்து நின்றது. கரண்ட் இருக்கும்போதே தறிமேடு சத்தமில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அந்த அமைதி எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆளாளுக்குக் காலை மாற்றி மாற்றி நின்றார்கள், குழந்தைகள் காரணமில்லாமல் அழுதன, பேசப் பயந்து எல்லோரும் வெறும் உதட்டை அசைத்துக்கொண்டார்கள். செல்வநாயகி பழனாத்தா வண்டியைப் பிடித்துக்கொண்டு, பஞ்சு ஒட்டிய தலையோடு நின்றாள். சென்னியப்பன் ஹெட்போனை மாட்டினார். முதல் பாட்டுக்கு விரலால் மேசையில் தாளம் போட்டார். இரண்டாவதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்த இடத்தில் அசைந்தார், திரும்பவும் பார்த்தார். நாட்ராயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது பாட்டில் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அவர் விரல் நின்றது. கூட்டத்தில் செல்வநாயகியைத் தேடினார். கண்டுபிடித்தார். ஆல்பம் முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த மாதிரி அவர் அவளைப் பார்த்ததை நான் கண்டதில்லை.

பிறகு கழற்றினார். எழுந்து வெளியே வந்தார்.

"நாயகி," என்றார். "இத்தன வருசமா நீ சொன்னது ஒண்ணுமே எனக்குக் காதுல ஏறலயே புள்ள."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்ன வார்த்தை அவருக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மன்னிப்புத்தான் கேட்டார், அங்கே நின்ற பச்சைப்பிள்ளைக்குக்கூட அது புரிந்தது, ஆனால் வார்த்தைக்கு அது புரியவேண்டுமே! நாங்கள்தான் மூன்று அர்த்தத்துக்கு ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் ஆயிற்றே.

எல்லோரும் விழுந்தடித்து வீட்டுக்கு ஓடித் தறியைப் போட்டார்கள். டடக் டடக்கென்று எல்லாத் தறியும் எப்போதும் போலக் கத்தியது. ஊருக்கு உயிர் வந்தது, நாட்ராயன் எல்லோருக்கும் டீ சொன்னார், "பாத்தீங்களா, ஒண்ணும் ஆவல" என்று ஒருத்தர் முதுகை ஒருத்தர் தட்டிக்கொண்டார்கள். செல்வநாயகி என் எதிரில் நின்று என்னமோ கேட்டாள். உதடு அசைந்தது. தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து நான் பழக்கத்தில் "என்ன புள்ள? காதுல ஏறல!" என்று கத்தினேன், கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கேட்டது, "கேக்குதுங்களாக்கா?"

அதற்கப்புறம் செல்வநாயகி பேச்சு ஊருக்குள் யாருக்கும் கேட்கவில்லை. இதையும் ஊர் செரித்துக்கொண்டது, சொல்லப்போனால் பெரிய சிரமமே இல்லை, எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தானே காலம் தள்ளுகிறோம். மளிகைக்காரர் அவள் உதட்டைப் பார்த்துப் பருப்பு நிறுத்தார். அவள் நாட்ராயனைப் பக்கத்தில் நின்றே நன்றாகத் திட்டிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள். ஊரில் அவள் பேச்சு புரியாத ஆள் ஒரே ஒருவர்தான். கல்யாணமான நாளிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெண்டாட்டி உதட்டைப் பார்க்கப் பழகாதவர். எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்ப்பார், பார்த்து, "தண்ணியா? தண்ணியா கேக்கறே?" என்பார். அவள் உப்பு கேட்டிருப்பாள். எழுந்து போய்விடுவாள். அவர் நிலைகொள்ளாமல் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார், சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்த நடைதான் கேட்கும், அவள் பக்கம் ஒன்றும் கேட்காது. அவள் குரலைக் கேட்காமல் எனக்குத் தார் சுற்றக் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸப் குழுவில் குரல் வருவது நின்றது. யாருடைய பாட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார். ஹெட்போனைக் கடை ஆணியில் மாட்டியவர் திரும்ப எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவரே சோறாக்கி, குழைந்ததோ வெந்ததோ, அதைத் தூக்குப்போசியில் போட்டு எடுத்துக்கொண்டு, செல்வநாயகியிடம் "பாலத்துக்கு வா புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவள் அன்றைக்குப் போகவில்லை. அவர் இருட்டுகிற வரைக்கும் பாலத்தில் உட்கார்ந்துவிட்டு, ஆறின சோற்றோடு திரும்பிவந்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். எனக்கே பொறுக்காமல் செல்வநாயகியிடம் போய், ஒருக்கா போய்த்தான் பாரேன் என்றேன். "போவேனுங்க்கா. என்ன சொல்றாருன்னு பாக்கோணுமல்லோ" என்று அவள் உதடு சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் போனாள். நானும் போனேன், போகாமல் இருப்பேனா? பாலத்துக்கு அக்கட்ட உட்கார்ந்திருந்த இளசுகள் அவளைக் கண்டதும் அவரவர் போனை அணைத்தார்கள், பழனாத்தா அடுப்பைத் தணித்தாள், கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். செல்வநாயகி அவர் பக்கத்தில் போய் நின்று, தொண்டையைக் கனைத்தாள். அந்தக் கனைப்பு கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சொல்லுங்க," என்றாள். "ஆல்பம் எப்படீங்க?"

அங்கே அவர் வார்த்தைக்கு வலு இல்லை, எதைச் சொன்னாலும் எதுவும் அழியாது. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். நான் மனசுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் தரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

"மொதப் பாட்டு நல்லாருக்குது. தறி ஒண்ணொண்ணாக் கெளம்பறதக் கேட்டா மேலு சிலுக்குது. மூணாவதப் பத்திப் பேச எனக்கு யோக்கித இல்ல." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டாவது... ரெண்டாவது கொஞ்சம் நீளம் புள்ள. ஒரு ஏனுங்க, அப்பறம் வெறுந்தறி. கொஞ்சம் வெட்டியிருக்கலாம்."

இளசுகள் தலையில் கை வைத்தார்கள். செல்வநாயகிக்குக் கோபம் வரவில்லை. சிரித்த மாதிரிதான் இருந்தது.

"அது நானு கூப்புட்டதுக்கும் நீங்க சாப்புட எந்திரிச்சு வந்ததுக்கும் நடுவால ஆன நேரமுங்க" என்றாள். "நானு ஒண்ணுஞ் சேக்கல. ஒண்ணுங் கழிக்கல."

எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்காத அந்த மனிதர், பாலத்துக் கட்டைச் சுவரில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா போடு."

அவள் போனை எடுத்தாள். எடுத்தவள், தூக்குப்போசியைப் பார்த்துவிட்டு, பழக்கத்தில், "ஏனுங்க, சோறு ஆறுது" என்றாள்.

"கேக்குது புள்ள" என்றார் சென்னியப்பன். "ஆறட்டும். நீ போடு."